இன்றைய சொல்: சினிஸ்டர்

காவேரி ஒரு நாள் முன்னதாகப் போயிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும்.

முந்தின நாள் ஞானசுந்தரத்தின் கைப்பேசிக்கு வந்த ஆங்கிலச் சொல் 'பிளாசிட்'. அமைதியான, சலனமில்லாத என்று பொருள். அன்று காலையில் அவர் ஏற்காடு ஏரியை 'பிளாசிட்' என்றார். மத்தியானம் மனைவி மாதம்மாள் வைத்த ரசத்தை 'பிளாசிட்' என்றார். சாயங்காலம், வாலைக்கூட ஆட்டாமல் வாசலில் படுத்திருந்த தெருநாயையும் அப்படியே அழைத்தார். அந்த மாதிரி ஒரு நாளில் போய்க் கடை கேட்டிருந்தால், கேட்ட கையிலேயே சாவி விழுந்திருக்கும்.

காவேரி போனது மறுநாள். மறுநாள் வந்த சொல் 'சினிஸ்டர்'.

ஞானசுந்தரம் சேலத்தில் ஓர் அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகத்தில் இருந்த காலத்தில் அவர் வாயைத் திறந்தால் இருபது பேர் எழுந்து நிற்பார்களாம். ஓய்வு பெற்று மலைக்குத் திரும்பிய பிறகு எழுந்து நிற்க ஆளில்லை. அதனால் நடந்து போகிறவர்களை நிறுத்த ஆரம்பித்தார். தினம் ஒரு சொல் அனுப்பும் ஏதோ ஒரு சேவையில் சேர்ந்திருந்தார். காலையில் பல் துலக்குவதற்கு முன் சொல் வந்துவிடும். அதைப் பத்துப் பேரிடம் பத்து முறை சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது என்பது அவர் கொள்கை. அந்தப் பத்துப் பேரை யாரும் கேட்கவில்லை.

ஏற்காட்டின் நடுச்சந்தியான ஒண்டிக்கடையைத் தாண்டி, மலையேறி வந்த பஸ்கள் கொஞ்சம் மூச்சுவிடுகிற வளைவில், அவர் வரிசையாக நாலு கடை கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். மூன்றில் ஆள் இருந்தார்கள். கடைசிக் கடை மட்டும் யாருக்கும் தங்கவில்லை. ஸ்வெட்டர் விற்றவர் ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு ஓடினார். அவருக்குப் பிறகு டாட்டூ குத்த வந்த இளைஞன் மழைக்காலம் வரைக்கும்கூட இருக்கவில்லை. காரணம், பின்பக்க மூலையில் கூரை ஒழுகும். இது ஏற்காட்டில் எல்லோருக்கும் தெரியும். கட்டியவருக்கு மட்டும் தெரியாது. "அந்தக் கடைக்கு ராசியான ஆள் அமையலை" என்பார் ஞானசுந்தரம். சிமென்ட்டில் மிச்சம் பிடித்தவர்களுக்கு ராசி என்ற சொல் மிகவும் உதவும்.

காவேரிக்கு ஒழுகினாலும் பரவாயில்லை. அவளுக்கு வேறு வழியில்லை. நாகலூர்க்காரி. ஏரிக்கரையில் தள்ளுவண்டி போட்டு மிளகாய் பஜ்ஜி விற்று வந்தாள். பக்கத்திலேயே மரியபுஷ்பம் டீ போடுவாள். இரண்டு பேர் குடும்பமும் அந்த ஒரே அடுப்பில்தான் வெந்துகொண்டிருந்தது. இந்த வருஷம் கோடை விழாவுக்காக ஏரிக்கரையை அழகுபடுத்துகிறோம் என்று வண்டிகளையெல்லாம் கிளப்பிவிட்டார்கள். ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் பாதிப் பேர் ஒரு கையில் பஜ்ஜியோடுதான் பார்க்கிறார்கள் என்பது அழகுபடுத்துகிறவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. வண்டி இப்போது மரியபுஷ்பம் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. சீசன் தொடங்கப்போகிறது. மே மாதம் சம்பாதிப்பதுதான் மழைக்காலத்துக்குச் சோறு. ஒண்டிக்கடைப் பக்கம் காலியாக இருந்தது ஞானசுந்தரத்தின் அந்தக் கடைசிக் கடை ஒன்றுதான்.

காவேரிக்கு ஒரு சங்கடம் உண்டு. அவள் இடது கைக்காரி. சின்ன வயதில் அம்மா அந்தக் கையைத் துணியால் இடுப்போடு கட்டிப்போட்டு, சாப்பிடுவதை மட்டும் வலது கைக்கு மாற்றினாள். மற்ற எதுவும் மாறவில்லை. மாவில் மிளகாயைப் புரட்டுவது, வடச்சட்டியில் நழுவவிடுவது, ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுப்பது எல்லாம் இடதுதான். வெளியூர்க்காரர்கள் பஜ்ஜியைப் பார்ப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் கையைப் பார்ப்பார்கள். இது தெரிந்ததால், ஞானசுந்தரம் வீட்டுக்குப் போகும்போது பஜ்ஜிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்த விஷயம் அது.

எல்லாம் நன்றாகத்தான் போனது. மாதம்மாள் ஒரு பஜ்ஜியைக் கடித்துவிட்டு, "ஏனுங்க, நொம்ப நல்லாருக்குதுங்க" என்று கணவரைப் பார்த்தாள். அவரும் ஒன்று தின்றார். ஒழுகலைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வாடகை பேசி முடிந்தது.

"சரிம்மா, உன் போன் நம்பரை இதுல எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்று பேனாவை நீட்டினார்.

காவேரியின் இடது கை போய்ப் பேனாவை வாங்கியது. நம்பரின் பாதியில்தான் அவளுக்கே உறைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஞானசுந்தரத்தின் முகத்தில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக, சந்தோஷம் இருந்தது. காலையிலிருந்து அவர் அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு இடம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"சினிஸ்டர்!" என்றார்.

"என்னங்க சார்?"

"சினிஸ்டர். இங்கிலீஷ் சொல். ஒரு வீட்டைப் பார்த்தா, ஒரு ஆளைப் பார்த்தா, ஏதோ கெட்டது நடக்கப்போகுதுன்னு வயித்தைப் பிசையுதில்ல? அதுக்குப் பேரு. எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? லத்தீன். லத்தீன்ல சினிஸ்டர்னா என்ன அர்த்தம்னு சொல்லு பார்க்கலாம்."

நாகலூரில் லத்தீன் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை என்பதால் காவேரி மாதம்மாளைப் பார்த்தாள்.

"இடது! இடது கைப் பக்கம்! ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ரோம்ல கண்டுபிடிச்சுட்டான், இடதுன்னா விளங்காதுன்னு."

"ஏனுங்க, அந்தப் புள்ளைகிட்டப் போயி..." என்றாள் மாதம்மாள்.

"நீ சும்மா இரு. நான் என்ன பல்லி கத்துச்சு, பூனை குறுக்கே போச்சுன்னா சொல்றேன்? எனக்கு மூடநம்பிக்கை கிடையாது. இது இங்கிலீஷ்."

மூடநம்பிக்கை தமிழில் இருந்தால்தான் அது மூடநம்பிக்கை என்று அவர் நினைத்திருந்தார்.

"ஏற்கெனவே அந்தக் கடைக்கு ராசி இல்லை. அங்கே போய் இடது கையால அடுப்புப் பத்தவெச்சா என்னத்துக்கு ஆகும்? எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. உன் நன்மைக்குத்தான் சொல்றேன்."

காவேரி பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிற வண்டி ஞாபகத்துக்கு வந்தது. உட்கார்ந்தே இருந்தாள்.

மாதம்மாள் இரண்டாவது பஜ்ஜியை எடுத்தபடி, "நீங்களும் வேணாம், நானும் வேணாம். நம்மூரு ஆத்தாகிட்டப் பூக் கேட்டுருவோம். அவ சொன்னா சரிதானுங்களே?" என்றாள்.

ஞானசுந்தரம் யோசித்தார். செம்மநத்தம் அவர் சொந்த ஊர். அங்கே மாரியம்மன் கோயிலில் பூக் கேட்காமல் அவர் குடும்பத்தில் யாரும் கிணறு வெட்டியதில்லை, பெண் எடுத்ததில்லை. அம்மனின் இரண்டு தோளிலும் ஈர அரளிப்பூவை ஒட்டவைப்பார்கள். வலது தோள் பூ முதலில் விழுந்தால் சரி. இடது விழுந்தால் வேண்டாம். இதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது; கேட்காமல் இருக்கும் தைரியமும் கிடையாது. அதோடு, பஜ்ஜியைத் தின்றுவிட்டு முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லும் வேலையை ஆத்தாவிடம் தள்ளிவிடலாம் என்பதும் ஒரு வசதி.

"சரி. வெள்ளிக்கிழமை போவோம்" என்றார்.

காவேரி வாசல் வரை போய்த் திரும்பினாள். "சார், அந்தச் சொல்லு வந்த மெசேஜை எனக்கும் அனுப்புறீங்களா?"

அவர் ஆயுளில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. உடனே அனுப்பினார்.

மரியபுஷ்பம் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் கொல்லையில் மேய்ந்த கோழி ஓடியது.

"ஏன் அக்கா சிரிக்கிறீங்க? எனக்குப் பயமா இருக்குது."

"பின்ன என்ன புள்ள? எங்க சர்ச்சுலயும் நியாயத் தீர்ப்புல செம்மறியெல்லாம் வலது, வெள்ளாடெல்லாம் இடதுன்னுதான் பிரசங்கம் பண்றாங்க. ஆனா கிறிஸ்மஸ் பிரியாணிக்கு ரெண்டையுந்தான் வெட்டுறாங்க. வலதுன்னு ஒண்ணும் பொழைச்ச மாதிரி தெரியலியே."

"விளையாடாதீங்க அக்கா. பூ இடம் உளுந்துச்சுன்னா?"

"உளுந்துச்சுன்னா சேலம் பஸ் ஸ்டாண்டுல போய் வண்டி போடுவோம்."

"அங்க போலீஸ்காரங்க வந்து..."

"தெரியுது புள்ள. சும்மா சொன்னேன்."

அதற்குப் பிறகு மரியபுஷ்பம் சிரிக்கவில்லை. தான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்றுதான் காவேரி நினைத்திருந்தாள். ஆனால் பிழைப்பு ஒரு பூவில் தொங்கும்போது நம்பிக்கை தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவள் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய் தெறித்த தழும்புகள். இந்தக் கையா ரோமாபுரி வரைக்கும் கெட்ட பேர் வாங்கியது?

மனசு ஆறாமல் கைப்பேசியை எடுத்து அந்த மெசேஜைத் திறந்தாள். பன்னிரண்டாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள், புரியாததைத் தமிழில் மாற்றிக் காட்டக் கைப்பேசியிடமே சொல்வாள். நாலு வரி இருந்தது. ஞானசுந்தரம் சொன்னது அச்சாக அந்த நாலு வரிதான். அதற்குக் கீழே சின்னதாக 'மேலும் படிக்க' என்று ஒன்று இருந்தது.

அமுக்கினாள். நிறைய இருந்தது.

படித்து முடித்தபோது அவள் முகத்தைப் பார்த்து, "என்ன புள்ள போட்டிருக்கான்?" என்றாள் மரியபுஷ்பம்.

"சார் இதைப் படிக்கவே இல்லீங்க அக்கா."

"அப்ப இப்பவே போய்க் காட்டு."

"ஊட்டுல போய்க் காட்டினா, எனக்கே பாடம் சொல்றியான்னு கதவைச் சாத்துவாரு." காவேரி அந்தப் பக்கத்தைப் படமாகப் பிடித்துக் கைப்பேசியில் வைத்துக்கொண்டாள். "இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை ஜெப்சனின் வேனில் கிளம்பினார்கள். ஜெப்சன் அந்த வளைவில் இரண்டாவது கடைக்காரன். 'ஹோம்மேட் சாக்லேட்' என்று போர்டு போட்டிருப்பான். எந்த ஹோம் என்று யாரும் கேட்டதில்லை. கடைக்காரரின் வண்டியை எடுத்துக்கொண்டு பெட்ரோலை மறந்துவிடும் பழக்கம் ஞானசுந்தரத்துக்கு உண்டு. மரியபுஷ்பமும் ஏறிக்கொண்டாள். செம்மநத்தம் ரோட்டில் எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். வழி நெடுக எஸ்டேட்டுகளில் காப்பி பூத்து முடிந்து பிஞ்சு பிடித்திருந்தது. ஞானசுந்தரம் எதையும் பார்க்கவில்லை. அன்றைய சொல் வேறு ஏதோ வந்திருந்தும், முக்கியமான வேலை பாக்கி இருப்பதால் 'சினிஸ்டரை' விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இப்பவே சொல்லிடறேன். இடதுன்னா இடதுதான். அப்புறம் யாரும் அழக் கூடாது" என்றார் முன் சீட்டிலிருந்து.

"அவ ஏனுங்க அழறா? நீங்க அழாம இருந்தாச் சரி" என்றாள் மாதம்மாள்.

பூசாரி சின்னையன் தயாராக இருந்தார். சின்னக் கோயில். அம்மனுக்கு மஞ்சள் சாத்தி, வேப்பிலை கட்டியிருந்தது. வழக்கம்போல நுழைந்ததும் இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். ஜெப்சனும் மரியபுஷ்பமும் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டார்கள். ஆனால் வேறு எவரைக் காட்டிலும் ஆவலாகக் கழுத்தை நீட்டினார்கள்.

சின்னையன் அரளிப்பூவைத் தண்ணீரில் நனைத்து அம்மனின் இரண்டு தோளிலும் ஒட்டினார். "ஆத்தா, காவேரிங்கற புள்ள ஞானசுந்தரம் கடையில அடுப்புப் போடக் கேக்குது. சம்மதம்னா வலப்பக்கம் குடு" என்று கும்பிட்டார்.

எல்லோரும் பூவைப் பார்த்தார்கள். பூ யாரையும் பார்க்கவில்லை. ஒரு ஈ வந்து இடது பூவில் உட்கார, காவேரிக்கு உயிர் போய் வந்தது. கற்பூரம் எரிந்து அடங்கியது. காற்றே இல்லை. ஞானசுந்தரம் கால் மாற்றி நின்றார். ஈ எழுந்து போயிற்று.

பூ விழுந்தது.

பெண்கள் நின்ற பக்கம், மாதம்மாளின் காலடியில் வந்து விழுந்தது.

"இடது!" என்று கத்தினார் ஞானசுந்தரம். கோயிலில் கத்தக் கூடாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. "பார்த்தீங்களா? என் இடது கைப் பக்கம்! சினிஸ்டர்! நான் சொன்னதையே ஆத்தாவும் சொல்லிட்டா."

காவேரி தரையைப் பார்த்தாள். பார்வை மங்கியது.

சின்னையன் மெதுவாக, "ஏனுங்க, அது உங்களுக்கு இடது. ஆத்தா நம்மளைப் பார்த்துல்ல உக்காந்திருக்கா? அவளுக்கு அது வலது" என்றார். "எங்கப்பன் காலத்துலருந்து சாமிக்கு எந்தப் பக்கமோ அதுதானுங்க கணக்கு."

காவேரி நிமிர்ந்தாள்.

"அதெப்படி?" என்றார் ஞானசுந்தரம். விட்டுக்கொடுக்க அவருக்கு அலுவலகத்திலும் பழக்கமில்லை. "பூ யாருக்குச் சொல்ல விழுது? சாமிக்கா? நமக்கு! கேட்கிறவன் நாம, பார்க்கிறவன் நாம. அப்ப நாம நிக்கிற இடம்தான் கணக்கு. லாஜிக் வேணும் சின்னையா, லாஜிக்! காலங்காலமாத் தப்பாச் சொல்லிட்டிருந்தா அது சரியாயிடுமா?"

"காலங்காலமாத் தப்புங்களா?" என்று சின்னையன் முனகினார்.

"தப்புதான். இது இடது. இடதுன்னா கூடாது. முடிஞ்சது."

மாதம்மாள் குனிந்து பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அரிசியில் கல் இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள்: "அப்ப நாம கடை கட்டினதும் கூடாதுங்களா?"

"எந்தக் கடை?"

"நம்ம கடைதானுங்க. நாலு கடை. கட்டறதுக்கு முன்னாடி இங்கதான் பூக் கேட்டோம். அன்னிக்கும் நான் இதே எடத்துலதான் நின்னேன். அன்னிக்கும் பூ என் காலடியிலதான் உளுந்துச்சு. நாந்தான் எடுத்து மடியில கட்டிட்டு வந்தேன். ஆத்தா வலது குடுத்துட்டான்னு நீங்க வெடியெல்லாம் போட்டீங்களே?"

கோயில் அமைதியானது. 'பிளாசிட்' என்று சொல்லலாம். ஞானசுந்தரம் சொல்லவில்லை.

வாசலிலிருந்து ஜெப்சனின் குரல் வந்தது. "சார், என்ன சார் இது? நம்ம கட்டடத்துக்கே சாமி வேணாம்னுதான் சொல்லுச்சா? ஏன் சார் எங்ககிட்டச் சொல்லலை?"

"டேய், உனக்கென்னடா? நீ சர்ச்சுக்குப் போறவன்!"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க சார். சாக்லேட் வாங்குறவங்க எல்லாரும் சர்ச்சுக்கா போறாங்க? நாளைக்கு இது ஒண்டிக்கடை பூரா தெரிஞ்சுடுமே. மத்த ரெண்டு கடைக்காரங்களும் கேப்பாங்களே. வேற எடம் பாக்கட்டுங்களா?"

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் சாமி" என்றாள் மரியபுஷ்பம். அவள் எங்கே டீ போட்டாலும் அங்கே ஒரு நாளில் எத்தனை பேர் நின்று போவார்கள் என்பது ஞானசுந்தரத்துக்கும் தெரியும்.

பாவம், அவர் முழித்தார். பூ விழுந்த பக்கம் இடது என்றால் நாலு கடையும் ஆத்தா வேண்டாமென்று சொல்லியும் கட்டிய கடைகள். வலது என்றால் காவேரிக்குச் சாவி. நடுவில் ஒரு பக்கம் இருந்தால் அவர் சந்தோஷமாக அங்கே போய் நின்றிருப்பார். நெற்றியில் வியர்த்தது. மனைவி முன்னால், பூசாரி முன்னால், வாடகைக்காரன் முன்னால், லாஜிக் வேணும் என்று சொன்ன வாயை எப்படி மூடுவது என்று தெரியவில்லை.

காவேரி அவரைப் பார்த்தாள். இத்தனை நாள் பயமுறுத்திய மனிதர்தான். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்படியே நசுங்கிவிடுவார். ஆனால் நசுங்கிய ஆள் சாவி தர மாட்டார். இன்றைக்குத் தந்தாலும் ஆடி மாசத்துக்குள் வேறு சாக்கு சொல்லி வாங்கிவிடுவார். மழைக்காலத்துக்குச் சோறு வேண்டும்.

"சார்," என்றாள் பணிவாக. "நீங்க அனுப்பின மெசேஜ்ல பின்னாடி ரோம்காரங்க கதை ஒண்ணு வருதுங்களே. அதைச் சொல்லத்தானே இவ்வளவு தூரம் கொண்டாந்தீங்க?"

"எ... எது?"

"நீங்க படிச்சிருப்பீங்க. எனக்குத்தான் சரியா வெளங்கலை. நீங்க சொன்னா எல்லாருக்கும் புரியும்." கைப்பேசியை எழுத்துப் பெரிதாகத் தெரியும்படி விரித்து அவரிடம் நீட்டினாள். இடது கையால்தான் நீட்டினாள். அவர் அதைக் கவனிக்கிற நிலைமையில் இல்லை. முங்குகிறவன் மரக்கட்டையைப் பிடிக்கிற மாதிரி வாங்கிக்கொண்டார்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். உதடு அசைந்தது. முதல் பத்தியில் புருவம் ஏறியது. இரண்டாவதில் முதுகு நிமிர்ந்தது. மூன்றாவதில் பழைய சூப்பிரண்டு முழுசாகத் திரும்பி வந்துவிட்டார்.

"ம்" என்று தொண்டையைச் செருமினார். "நான் இதைக் கடைசியில சொல்லலாம்னுதான் வெச்சிருந்தேன். முதல்லயே சொல்லிட்டா உங்களுக்குப் புரியாது."

"அதானுங்க" என்றாள் காவேரி.

"சினிஸ்டர்னா இடதுன்னு சொன்னேன். ஆனா ஆதியில ரோம்காரனுக்கு இடது கெட்டதில்லை! நல்லது! அங்கேயும் நம்ம சின்னையன் மாதிரி ஆளுங்க இருந்தாங்க. பறவை எந்தப் பக்கம் பறக்குதுன்னு பார்த்துக் குறி சொல்றவங்க. அவங்க தெற்கே பார்த்து நிப்பாங்களாம். தெற்கே பார்த்து நின்னா இடது கைப் பக்கம் எது?"

"கெழக்கு" என்றார் சின்னையன்.

"கிழக்கு! சூரியன் உதிக்கிற பக்கம்! அதனால இடதுல பறவை வந்தா அமோகம். அந்தப் பக்கம் கிரீஸ்காரன் என்ன பண்ணான்? வடக்கே பார்த்து நின்னான். அவனுக்குக் கிழக்கு வலது கைக்கு வந்துடுச்சு. அதனால வலது நல்லது, இடது கெட்டதுன்னான். அப்புறம் ரோம்காரன், தன் வழக்கத்தை விட்டுட்டு கிரீஸ்காரனைக் காப்பியடிச்சான். நல்ல இடது கெட்ட இடதாயிடுச்சு. அந்தக் கெட்ட பேரு பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போயிடுச்சுன்னு சொல்றாங்க."

"அப்ப நின்ன பக்கந்தான் கோளாறா?" என்றாள் மரியபுஷ்பம் வாசலிலிருந்து.

"அதேதான்! எல்லாம் நிக்கிற பக்கத்தைப் பொறுத்தது. ஆக," என்று ஞானசுந்தரம் கையை உயர்த்தினார், தானே கண்டுபிடித்ததைப் போல, "ஆத்தா பக்கம் இருந்து பார்த்தா இது வலது. நம்ம முன்னோர் முட்டாளில்லை. ரோம்காரன் மாதிரி அடுத்தவனைக் காப்பியடிச்சு வழக்கத்தை மாத்தக் கூடாது. சாமிக்கு வலது எதுவோ அதுதான் வலது. கட்டடமும் சரி, கடையும் சரி. என்ன சின்னையா, நான் சொல்றது?"

"நீங்க சொன்னா சரிதானுங்க" என்றார், பரம்பரையாக அதையே சொல்லி வந்த சின்னையன்.

"ஜெப்சா, வெளங்குச்சா?"

"வெளங்குச்சு சார். லாஜிக் சார்."

மாதம்மாள் கையிலிருந்த பூவைக் காவேரியின் தலையில் செருகினாள். காவேரி பூசைத் தட்டிலிருந்து திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டாள். எந்தக் கையால் எடுத்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது வேன் முழுக்க ரோமாபுரிதான். மாதம்மாள் தூங்கிவிட்டாள். ஒண்டிக்கடையில் இறங்கியதும் சாவியைக் கொடுத்த ஞானசுந்தரம், "ஒரே ஒரு நிபந்தனைம்மா. சுடுறது எந்தக் கையிலயோ சுடு. எடுத்துக் கொடுக்கிறது மட்டும் வலது கையால கொடு. பார்க்கிறவங்க நாலு விதமாப் பேசுவாங்க" என்றார். நிபந்தனை இல்லாமல் எதையும் கொடுத்து அவருக்குப் பழக்கமில்லை.

"சரிங்க சார்" என்றாள் காவேரி. சாவி கையில் இருந்தது.

கோடை விழாவுக்கு முதல் நாள் கடை திறந்தார்கள். மரியபுஷ்பம் ஒரு பக்கம் டீ, காவேரி ஒரு பக்கம் வடச்சட்டி. முந்தின ராத்திரி பெய்த மழையில் பின்பக்க மூலை ராசிப்படி ஒழுகியிருந்தது. அதற்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்தாயிற்று. காலையிலேயே இரண்டு வேன் நிறையப் பெங்களூர்க்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். ஆனால் முதல் பஜ்ஜி கட்டடத்துக்காரருக்குத்தான் என்று ஞானசுந்தரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். முகத்தில் பரபரப்பு. அன்றைக்கு 'பன்ஜென்ட்' என்ற சொல் வந்திருந்தது. காரமான, மூக்கில் ஏறுகிற என்று பொருள். அதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று காலை ஆகாரம்கூடச் சாப்பிடாமல் வந்திருந்தார்.

காவேரி ஜல்லிக்கரண்டியில் பஜ்ஜியை அரித்து, தட்டில் வைத்து, இரண்டு கரண்டி சட்னி விட்டு நீட்டினாள்.

அவர் தட்டைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "காவேரி... கை" என்றார்.

"என்னங்க சார்?"

"நிபந்தனை. வலது."

காவேரி கையை எடுக்கவில்லை. தட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது. "உங்களுக்கு எந்தப் பக்கமுங்க இருக்குது?" என்றாள்.

அவர் குனிந்து பார்த்தார். எதிரே நிற்கிறவளின் இடது கை, அவருடைய வலது கைக்கு நேராக நீண்டிருந்தது.

"நாம நிக்கிற எடத்தைப் பொறுத்துதானுங்களே சார். நீங்கதான சொன்னீங்க?"

மரியபுஷ்பம் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டாள். ஞானசுந்தரம் ஒரு நிமிஷம் தெற்கே பார்த்து யோசித்தார், வடக்கே பார்த்து யோசித்தார். "சீக்கிரம் அங்கிள்" என்றது பின்னாலிருந்து ஒரு பெங்களூர்க் குரல்.

வாங்கினார். வாங்கிய வேகத்தில் முழு மிளகாயையும் ஒரே கடியாகக் கடித்தார்.

காவேரி அடுத்த தட்டை எடுத்தாள். கண்ணில் நீர் முட்ட, மூக்கு சிவக்க, அவர் வாயைத் திறந்து திறந்து மூடினார். அந்தச் சொல் மட்டும் வெளியே வரவேயில்லை. மரியபுஷ்பம் ஒரு டம்ளர் தண்ணீரை அவருக்கு வலது பக்கமாக வைத்தாள்.